வீரசிங்கம் வாபஸ் வாங்கிய மனு

கண்டியில் நீதிமன்றப் பக்கம் போகும் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சட்டத்தரணி வீரசிங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. படியேறி வருகிறவர்களுக்கு அங்கே ஒரே ஒரு விதிதான். கும்பிடக் கூடாது.

தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய சங்கடம். வாசலிலேயே கை குவிந்துவிடும். சிலர் செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். வீரசிங்கம் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

"கும்பிடுறதுக்குக் கட்டுக்கலையில பிள்ளையார் இருக்காரு. இங்கருந்து நடந்தே போயிறலாம். இது ஆபீஸ். செருப்பை மாட்டிக்கிட்டு வந்து உக்காருங்க."

வந்தவர் கையைக் கீழே போட்ட பிறகுதான் விஷயத்தைக் கேட்பார். நீதிமன்றத்திலும் அவருக்கு இப்படி ஒரு பிடிவாதம் இருந்தது. நீதிபதி பிணை கொடுத்ததும் சட்டத்தரணிகள் எழுந்து, மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்வது வழக்கம். வீரசிங்கம் தலை வணங்குவார், அது ஆசனத்துக்கு. கடமைப்பட்டதாகச் சொல்ல மாட்டார். சட்டம் தரச் சொன்னதை நீதிபதி தந்திருக்கிறார், இதில் கடமை எங்கே வந்தது என்பார். அவருடைய மனைவி சீதா உறவுக்காரர்களிடம் சொல்வாள்: "இவருக்குச் சோறு போட்டாலும் ரசிச்சுச் சாப்பிட மாட்டாரு. உரிமைன்னு சாப்பிடுவாரு."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஒளித்து வைத்ததில்லை. வீரசிங்கம் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவர். பிறந்தபோது அவர் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. அவருடைய தாத்தாவும் அப்பாவும்கூட இல்லை. இருபது வயது தாண்டி, உயர்தரப் பரீட்சை முடித்து, டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பிரஜாவுரிமை வந்தது. பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் எடுத்துக்கொண்டதை நாற்பது வருடம் கழித்து இன்னொரு சட்டத்தால் கொடுத்தது.

"நடுவுல நாங்க என்ன தப்பு செஞ்சோம்? ஒண்ணுமில்ல. கடைசியில குடுத்தாங்களே, அதுக்கு என்ன நல்லது செஞ்சோம்? அதுவும் ஒண்ணுமில்ல," என்பார். "நன்றி வாங்கிக்கிட்டுக் குடுக்கிறவன், நன்றி இல்லன்னு சொல்லித் திருப்பி வாங்கிக்குவான். அதனால நன்றி சொல்லாதீங்க."

அந்தக் காலத்தில்தான் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை வாங்கி, விளங்காத பக்கங்களைப் பலமுறை படித்து, பிறகு சட்டம் படிக்கப் போனார். பிழைப்புக்குக் காணி உறுதிப் பத்திரங்களும் விபத்து வழக்குகளும் பார்த்தார். அரசாங்கம் வரம்பு மீறியதாக யாராவது வந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தார். அப்படிப்பட்ட வழக்குகளில் அவர் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். ஆனால் அதுவரை ஒரு மனுவைக்கூட வாபஸ் வாங்கியதில்லை.

திவாகரனின் வழக்கு அந்தப் பெருமழைக்குப் பிறகு வந்தது.

மழையில் மலைகள் பல இடங்களில் சரிந்தன. நாடு முழுவதற்கும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. வீரசிங்கம் அதை எதிர்க்கவில்லை. கண்டி நூலகத்தில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். "ரோடு போன இடத்துக்கு மண் தோண்ட பெக்கோ மெஷின் இறக்கணும். தனியார் லொறியை எடுக்கணும். அதுக்கு வழக்கமான சட்டம் போதாது. ஆனா மண்ணைத் தோண்டக் குடுத்த அதிகாரத்தை வச்சு வாயை மூட ஆரம்பிச்சா, அன்னைக்கே அது சட்டவிரோதம். அதிகாரம் எதுக்காகக் குடுக்கப்பட்டுச்சோ, அந்தக் காரியத்தோட எல்லைதான் அந்த அதிகாரத்தோட எல்லை." கூட்டத்தில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். யாரோ கை தட்டினார்கள்.

திவாகரன் கெலிஓயாவில் அஸ்ஃபர் என்பவரின் ஃபோன் கடையில் வேலை செய்தான். தாய் பாலம்மா ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்தாள். லயத்தின் பின்சுவரில் மண் வந்து மோதியதால் அங்கிருந்த குடும்பங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். பாதை திறந்ததும் திவாகரன் தாயைப் பார்க்கப் போனான். நிவாரண லொறி டவுன் வரை வந்து, பொருட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. கேட்டதற்கு, லயத்து ஆட்களைத் தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்ததாம். நிர்வாகத்தைக் கேட்டால், அது அரசாங்கத்தின் வேலை என்றது.

திவாகரன் பள்ளிக்கூட மண்டபத்தை ஃபோனில் படம் பிடித்தான். ஈரச் சேலைகள் காயும் மேசைகள், தரையில் படுத்திருக்கும் பிள்ளைகள், காலியான அடுப்பு. கடைசியில் அவன் குரல்: "லொறி வந்துச்சு. எங்க பக்கம் மட்டும் வரல. நாங்க எந்த நாட்டு ஆளுங்கன்னு யாராவது சொன்னா, அந்த நாட்டுகிட்டயே கேட்டுக்கிறோம்."

அதை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். அடுத்த நாள் கடைக்கே பொலிஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. ஏன் என்று அவனுக்கோ தாய்க்கோ யாரும் சொல்லவில்லை. நிவாரண வேலைக்கு இடையூறாகப் பொய்த் தகவல் பரப்பினான் என்று, அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் நீதவான் முன் நிறுத்தி, விளக்கமறியலுக்கு அனுப்பிய பிறகுதான் காரணம் தெரிந்தது.

பாலம்மாவை வீரசிங்கத்திடம் கூட்டி வந்தவர் அஸ்ஃபர். பாலம்மா வாசலிலேயே கும்பிட்டாள். வீரசிங்கம் பேனாவை மூடினார். கை இறங்க நேரம் எடுத்தது.

அஸ்ஃபர்தான் பேச்சைத் தொடங்கினார். "சேர், வீடியோவ திவாகரன்தான் எடுத்த. ஆனா போட்டது என்ட கடை வைஃபைல. என்னையும் புடிப்பாங்களா? அப்பிடி இருந்தா இப்பவே சொல்லுங்க, கடைல தம்பிய வச்சிட்டு வாரன்."

"உங்களைப் புடிச்சா அந்த வழக்கையும் நானே பேசுறேன்."

"அதுதான் சேர் எனக்குப் பயமா ஈக்கு."

வீரசிங்கம் சிரித்தார். பாலம்மா சிரிக்கவில்லை. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பொலிஸ் ஸ்டேஷன் பெரியவரு, அந்த ஓஐசி ஐயா, நல்லபடியா சொன்னாருங்க. கோட்டுல தப்புன்னு ஒத்துக்கிட்டா, லேசா முடிச்சு வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம்."

"ஒத்துக்கிட்டா என்ன ஆகும்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

"லொறி வரலன்னு சொன்னது குத்தம்னு ஆகும். நாளைக்கு உங்க லயம் இடிஞ்சாலும், இடிஞ்சுச்சுன்னு யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. அம்மா, உங்க மகன் சொன்னது உண்மைதானே?"

"உண்மைதாங்க."

"அப்ப ஏன் ஒத்துக்கணும்?"

பாலம்மா அஸ்ஃபரைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னாள்: "புள்ள வீட்டுக்கு வரணுங்க. அது ஒண்ணுதான்."

"வருவான். குத்தவாளியா இல்லாம வருவான்."

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு போடுவதென்று முடிவாயிற்று. ஒரு மாதத்துக்குள் போட்டாக வேண்டிய மனு அது. வீரசிங்கம் பாலம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்: பொலிஸுக்குத் தனியாகப் போகக் கூடாது; யார் காலிலும் விழக் கூடாது; யார் எதைக் கேட்டாலும் என் பெயரைச் சொல்லுங்கள். பாலம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

விளக்கமறியல் சிறையில் திவாகரனைப் பார்த்தபோது அவன் மெலிந்திருந்தான். ஆனால் பேச்சு குறையவில்லை.

"சேர், இங்க மூணு வேளையும் சாப்பாடு வருது. கேம்ப்புக்கு வராத லொறி இங்க கரெக்டா வருது. இதையும் ஒரு வீடியோ எடுத்துருக்கலாம்."

"எடுத்திருந்தா அதுக்கும் ஒரு மனு போட்டிருப்பேன்."

"அம்மா எப்படி இருக்கு?"

"இருக்காங்க."

"எங்க தூங்குதுன்னு கேக்குறேன் சேர். பள்ளிக்கூடத்தைத் தொறக்கப் போறாங்கன்னு உள்ள பேசிக்கிறாங்க. தொறந்தா அதுங்க எல்லாம் திரும்ப அந்த லயத்துக்குத்தானே போகணும்? சுவரு வெடிச்சுக் கிடக்கு."

 வீரசிங்கம் அதைக் குறித்துக்கொண்டார். திவாகரன் கடைசியாக, "ஒத்துக்க மாட்டேன் சேர். நீங்க போடுங்க," என்றான். தன் கட்சிக்காரர் ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லி அவர் நெடுநாள் கேட்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மனுவின் முதல் பந்தியை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டார்.

மனுவைத் தயாரிக்க உதவியவள் தர்ஷிகா, அவருடைய கனிஷ்ட சட்டத்தரணி. அவள் வேலையில் பிழை இருக்காது. வாயில் அடக்கமும் இருக்காது. முகாமில் இருந்த அயலவர்களிடம், லொறி வரவில்லை என்று சத்தியக்கடதாசி வாங்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார். பலர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"சேர், ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் ஒருநாள். "இதுல நமக்குத் தீர்ப்பு கிடைச்சா நாடு முழுக்கப் பேசுவாங்க. அவசரகாலத்துக்கு எல்லை எதுன்னு கோட்டே சொல்லும். அது உங்களுக்கு வேணும். அந்த அம்மாவுக்கு மகன் வேணும். ரெண்டும் ஒரே மனுவுல இருக்கா?"

"இருக்கு. அவன் வெளிய வர்றதுதான் தீர்ப்பு."

"வர நாளாகும் சேர்."

"நாளாகும்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அப்போதே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி மகனைக் கேட்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். அதைத் தர்ஷிகாவிடம் அவர் சொல்லவில்லை.

மனு ஏற்கப்பட்டு, அரச தரப்பு ஆட்சேபனை தாக்கல் செய்யத் தவணை கொடுக்கப்பட்டது. இதற்கிடையில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. குடும்பங்கள் லயத்துக்குத் திரும்பின. பாலம்மாவின் அறையில் பின்சுவர் வெடிப்பு வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவள் தகரத் தகடு ஒன்றை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, முன்பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறை மழை இருட்டிக்கொண்டு வந்தபோதும் அஸ்ஃபருக்கு ஃபோன் எடுத்தாள். என்ன செய்தி என்று கேட்டாள். செய்தி எதுவும் இல்லை.

அஸ்ஃபருக்கு அந்த ஃபோன்கள் தாங்க முடியவில்லை. அவருக்கு அந்த ஓஐசியைத் தெரியும். ஒருமுறை தண்ணீரில் விழுந்த அந்த மனிதரின் ஃபோனைப் பழுது பார்த்து, உள்ளே இருந்த மகளின் படங்களையெல்லாம் மீட்டுக் கொடுத்திருந்தார். "ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பம், தாத்தா," என்று அவர் பாலம்மாவிடம் சொன்னார். தன் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவதுபோலத்தான் அவளையும் கூப்பிடுவார். "வக்கீல் சேர் கோட்டுல பேசட்டும். நாம மனிசன்ட மனிசனா பேசுவம்."

கண்டியில் பெரிய மனிதரிடம் ஒன்று கேட்கப் போனாலும், செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கப் போனாலும், வெறுங்கையோடு போவதில்லை. நாற்பது வெற்றிலையை அடுக்கி ஒரு கட்டாகக் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்து, குனிந்து வணங்க வேண்டும். பாலம்மாவுக்கு இது புதிதல்ல. நல்ல வெற்றிலையாகப் பொறுக்கி வாங்கினாள். துவைத்து மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டாள். ஓஐசியின் மேசைக்கு முன்னால் வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, தடுப்பதற்குள் காலில் விழுந்தாள்.

"தெரியாம செஞ்சுட்டான் ஐயா. பொய் சொல்லிட்டான். சின்னப் புள்ள. மன்னிச்சு விட்டுருங்க."

மகன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மன்னிப்புக் கேட்கப் போனால் தப்பு செய்ததாகச் சொல்லித்தான் கேட்க வேண்டும், அது மரியாதை. அஸ்ஃபர் அதைச் சிங்களத்தில் அப்படியே சொன்னார். ஓஐசி வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினார். அவளைத் தூக்கி உட்கார வைத்து, பிளேன்டீ வரவழைத்தார். தனக்கும் ஊரில் வயதான அம்மா இருக்கிறார் என்றார். அவர் நடித்ததாகச் சொல்ல முடியாது. அறை மூலையில் நின்ற ஒரு கான்ஸ்டபிள் ஃபோனில் படம் எடுத்தான். அஸ்ஃபர் அதைப் பார்த்தார். நல்லதுக்குத்தான் என்று நினைத்தார்.

இது எதுவும் வீரசிங்கத்துக்குத் தெரியாது. தவணை நாளன்று காலை ரயிலில் அவரும் தர்ஷிகாவும் கொழும்புக்குப் போனார்கள். புதுக்கடையில் நீதிமன்றப் படியேறும்போதுகூட அவர் உற்சாகமாக இருந்தார். ஒரே ஒரு குறைதான்: சத்தியக்கடதாசி தருவதாகச் சொன்ன அயலவர்கள் கடைசி வாரத்தில் ஒவ்வொருவராகப் பின்வாங்கியிருந்தார்கள். காரணம் கேட்டால் ஃபோனை வைத்துவிட்டார்கள்.

காரணம் நீதிமன்றத்தில் தெரிந்தது. அரச சட்டவாதி மிகவும் மரியாதையான இளைஞர். ஓஐசியின் சத்தியக்கடதாசியையும் அதோடு இணைத்திருந்த படத்தையும் அவர் நீதிபதிகளிடம் கொடுத்தார். ஒரு பிரதி வீரசிங்கத்தின் கைக்கும் வந்தது. படத்தில் பாலம்மா குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை; வெற்றிலை தெரிந்தது. மனுதாரரின் தாய் தானாகவே நிலையத்துக்கு வந்து, மகன் பரப்பியது பொய் என்று ஒப்புக்கொண்டு, வழக்கப்படி வெற்றிலை கொடுத்து மன்னிப்புக் கேட்டார் என்று எழுதியிருந்தது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"இது உங்கள் மனுதாரரின் தாயா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆம், பிரபுவே."

வீரசிங்கம் சட்டத்தைச் சொன்னார். தாயின் கூற்று மகனைக் கட்டாது. கைது செய்த நேரத்தில் பொலிஸாரிடம் என்ன ஆதாரம் இருந்தது என்பதே கேள்வி. பிறகு யார் யாரிடம் அழுதார் என்பது அல்ல. கட்டுப்பாடு விதிக்க அரசியலமைப்பு இடம் தருகிறது, ஆனால் எந்தக் காரியத்துக்காகத் தருகிறதோ அதற்கு மட்டுமே. நீதிபதி கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி. லொறி வரவில்லை என்பதற்கு உங்கள் தரப்பில் வேறு யாருடைய சத்தியக்கடதாசி இருக்கிறது?" என்றார்.

யாருடையதும் இல்லை. அந்தப் படம் தோட்டத்து ஃபோன்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. பெற்ற தாயே பொய் என்று காலில் விழுந்த பிறகு, அயலவர் எதற்குக் கையெழுத்துப் போடுவார்கள்?

அரச சட்டவாதி அடக்கமாக ஒரு யோசனை சொன்னார். மனுதாரர் வருத்தம் தெரிவித்து மனுவை வாபஸ் வாங்கினால், நீதவான் நீதிமன்றத்தில் உள்ள வழக்கைத் தொடராதிருக்க ஆலோசனை சொல்லலாம். தொடர விரும்பினால், தாயும் ஒரு சத்தியக்கடதாசி தர வேண்டியிருக்கும். அவர் பொலிஸிடம் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேள்வி வரும். மனுதாரரிடம் அறிவுறுத்தல் பெற்று வர நீதிமன்றம் தவணை கொடுத்தது.

ரயிலில் திரும்பும்போது தர்ஷிகா அவருக்கு ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தாள். அது அவர் அறிந்த தர்ஷிகா அல்ல.

மறுநாள் வீரசிங்கம் ஹேவாஹெட்டவுக்குப் போனார். லயத்து வாசலில் பாலம்மா அவரைக் கண்டதும் கும்பிட்டாள். அவர் கத்தினார்.

"போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"கால்ல விழாதீங்கன்னு சொன்னேனா?"

"சொன்னீங்க. எல்லாம் சொன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "எப்ப வருவான்னு மட்டும் சொல்லல."

பக்கத்து வீட்டுக் கதவுகள் மெல்லத் திறந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"கும்பிட்டுத்தாங்க இவனைப் பள்ளிக்கூடத்துல சேத்தேன். கும்பிட்டுத்தான் ஐடி எடுத்தேன். இவங்கப்பா செத்தப்ப பொணத்தை விட மாட்டேன்னாங்க, அப்பவும் கும்பிட்டேன். குடுத்தாங்க. ஒரு தடவையாவது கும்பிடாமக் குடுத்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அதெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது. நீங்க கும்பிடலன்னாலும் அவங்க குடுத்திருக்கணும்."

"குடுத்திருப்பாங்களா சேர்?"

குடுத்திருக்கணும் என்று அவர் மறுபடியும் சொன்னார். அவள் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்து தகரத் தகட்டின் ஓரமாக வானம் தெரிந்தது. தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தை வாங்கிய நாள் வீரசிங்கத்துக்கு நினைவு வந்தது. அவருடைய அம்மாவும் அன்று அந்தக் கந்தோர் கிளாக்கரை இரண்டு கையாலும் கும்பிட்டாள். அவர் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பாலம்மா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். அந்தச் சுவரைப் பற்றி யாருக்காவது எழுத வேண்டும் என்று சொன்னார். பாலம்மா தலையாட்டினாள்.

சிறையில் திவாகரன் எல்லாவற்றையும் கேட்டான். வெற்றிலை என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

"வாபஸ் வாங்கினா, நான் சொன்னது பொய்னு ஆயிருமா?"

"எழுத்துல அப்படித்தான் நிக்கும்."

"லொறி வந்துச்சுன்னு ஆயிருமா?"

"யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஆனா வரலன்னு இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க."

"தொடர்ந்தா?"

"அம்மா சத்தியம் பண்ணிச் சொல்லணும், ஓஐசிகிட்டப் பொய் சொன்னேன்னு. அவங்க குறுக்கக் கேப்பாங்க. தோக்கணும்னு இல்ல. நான் இதைவிட மோசமான வழக்கை எடுத்து நின்னிருக்கேன்." தன் குரலில் கெஞ்சல் இருப்பதை வீரசிங்கமே கேட்டார். "நீ சொல்றதுதான் முடிவு, தம்பி. நீ தொடருன்னா நான் தொடருவேன்."

திவாகரன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"அது பெரிய கோட்டு, சேர். அங்க நிக்க வச்சு, நீ எப்பப் பொய் சொன்னேன்னு கேட்டா, எங்கம்மா அவங்களையும் கும்பிடும். அதை நான் பாக்க மாட்டேன்." பிறகு, "வாங்கிருங்க," என்றான்.

அடுத்த தவணையில், மனுதாரர் வருந்துகிறார் என்ற வாசகத்தை வீரசிங்கமே எழுந்து வாசித்தார். குரல் மாறவில்லை. மனு வாபஸ் பெறப்பட்டதாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. அரச தரப்பின் பெருந்தன்மையை நீதிமன்றம் பாராட்டியது. அரச சட்டவாதி எழுந்து, மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன் என்றார். பிறகு எல்லோரும் வீரசிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் ஆசனத்துக்குத் தலை வணங்கிவிட்டு, கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கோப்பின் நாடாவைக் கட்டாமலே நடந்தார். தர்ஷிகா வாங்கிக் கட்டினாள்.

திவாகரன் விடுதலையான நாளில் அஸ்ஃபர் வான் கொண்டு வந்திருந்தார். வீட்டுக்குப் போகும் முன் ஓஐசியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பாலம்மா நின்றாள். மடியில் புது வெற்றிலை இருந்தது. "அவருதானே வெளிய விட்டாரு," என்றாள்.  இந்த முறை திவாகரனும் உள்ளே போனான். அவனும் குனிந்தான் என்று அஸ்ஃபர் பிறகு சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில், பேராதனையில் ஒரு காணி வழக்கை முடித்துக்கொண்டு வீரசிங்கம் கெலிஓயாவில் இறங்கினார். ஃபோனின் கண்ணாடி உடைந்திருந்தது என்பது ஒரு காரணம். திவாகரன் கடையில்தான் இருந்தான். கதிரை போட்டான். கண்ணாடியை மாற்றத் தொடங்கினான். நன்றாகத்தான் வேலை செய்தான். முன்பு வாயை மூடாமல் வேலை செய்வான் என்று அஸ்ஃபர் சொல்லியிருந்தார்.

வானம் இருட்டி, தெருவில் முதல் துளிகள் விழுந்தன. கடையில் நின்ற ஒரு பெண் குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். திவாகரனின் ஃபோன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டான். "ம். ம். முன்பக்கம் வந்து படு. தகரத்தை எடுக்காத," என்றான்.

"என்ன?" என்று வீரசிங்கம் கேட்டார்.

"சுவத்துல தண்ணி வருதாம் சேர். கல்லு ஒண்ணு விழுந்துருச்சாம்."

வீரசிங்கம் எழுந்துவிட்டார். அந்தச் சுவரைப் பற்றி அவர் எழுதியிருந்தார், பதில் வரவில்லை. "அம்மாகிட்ட அந்தச் சுவத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. பக்கத்து வீட்டுல யார்கிட்டயாவது படம் எடுக்கிற ஃபோன் இருக்கும்ல? இன்னைக்கே எடுக்கணும், ஈரம் தெரியணும். நான் நாளைக்கே மனுவைத் தயார் பண்றேன். இதுல யாரும் பொய்னு சொல்ல முடியாது."

திவாகரன் புதுக் கண்ணாடியைப் பொருத்தி, ஓரங்களை விரலால் அழுத்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"படம் எல்லாம் வேணாம் சேர்," என்றான். "வெத்தில வாங்கி வைக்கச் சொல்றேன். காலையில நான் போய்த் தோட்டத்துத் தொரையப் பாத்துக்கிறேன்."

ஃபோனைத் துடைத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான். மழை பலமாகப் பிடித்துக்கொண்டது.